பந்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு வேடிக்கை உண்டு. தொகுப்பாளர் எர்னி ஜான்சன் ஒரு கூடைப்பந்து வீரரின் பெயரை வாசிப்பார். அந்த வீரர் இப்போது எந்த அணியில் ஆடுகிறார் என்று முன்னாள் வீரர் சார்லஸ் பார்க்லி சொல்ல வேண்டும். பார்க்லிக்குத் தெரியாது. மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், வாய்க்கு வந்த ஊரைச் சொல்வார். தப்பு. பக்கத்தில் இன்னொரு முன்னாள் வீரர் ஷக்கீல் ஓ'நீல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அடுத்த பெயர். அதுவும் தப்பு.

நானும் சிரித்திருக்கிறேன். யூடியூபில் தேடிப்பிடித்துப் பார்த்து, அடுப்படியில் இருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்திருக்கிறேன். சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கூடைப்பந்தைப் பற்றிப் பேசத்தான் இந்த மனிதருக்குச் சம்பளம். எந்த ஆள் எந்த அணி என்று தெரியாத ஒருவரை எங்கள் மேஜையில் ஒரு ஆட்டத்துக்கு மேல் உட்கார விடமாட்டோம்.

எங்கள் மேஜை என்றால் ஸ்கோர் டேபிள். தேனி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடமாகப் போட்டிகளில் ஸ்கோர் ஷீட் எழுதுகிறேன். ரெண்டு பாயிண்ட் விழுந்தால் ஒரு சாய்கோடு. மூன்று பாயிண்ட் என்றால் போட்டவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ விழுந்தால் கரும்புள்ளி. முதல் கால் பகுதிக்கும் மூன்றாவதுக்கும் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலமோ கறுப்போ. அதனால் என் சட்டைப்பையில் எப்போதும் ரெண்டு பேனா. கல்யாண வீட்டில் மொய் எழுதக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்படி எழுதி எழுதியே ஆட்டம் பார்க்கப் பழகிய ஆள் என்பதால் என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்தைக் காட்டுகிறவர்கள் ஆட்டத்தை விளக்க வேண்டுமா, ஆளைச் சிரிக்கவைக்க வேண்டுமா என்று கேட்டால் என் ஓட்டு விளக்கத்துக்கு. சிரிப்பின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆட்டத்தை நன்றாகத் தெரிந்தவர்களே அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு நம்மைச் சிரிக்கவைத்து அனுப்புகிறார்களே, அதுதான் ஆற்றாமை.

பார்க்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 அடி 6 அங்குலம் என்று அவர் உயரத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். நிஜத்தில் அதைவிடக் குறைவு என்பது ஊரறிந்த கதை. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ரிங்குக்கு அடியில் மல்லுக்கட்டுகிறவர்கள் நடுவே அது குள்ளம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்கு 14.6 ரீபவுண்ட், அதாவது விழாமல் தெறிக்கும் பந்து, எடுத்தார். லீக்கிலேயே முதலிடம். அவ்வளவு குள்ளமான ஆள் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகள் ஐந்தடி ஏழு, ஐந்தடி எட்டு. தன்னைவிட அரையடி உயரமானவனை முதுகால் தள்ளி, பந்து போர்டில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்துக்கு முதலில் போய் நிற்பது எப்படி என்று பார்க்லி அரை மணி நேரம் சொன்னால் போதும், அதை எழுதிவைத்துப் பத்து வருடம் பாடம் நடத்துவேன். இருபத்தைந்து வருடமாக அவர் தொலைக்காட்சியில் பேசுகிறார். நான் பார்த்த அளவில் அந்த வித்தையைச் சொல்லக் காணோம். கோல்ஃப், சூதாட்டம், சாப்பாடு, சான் அன்டோனியோ ஊர்ப் பெண்களின் பருமன், எல்லாவற்றையும் கேட்டாயிற்று.

ஓ'நீலும் அப்படித்தான். நான்கு முறை சாம்பியன். அவரைத் தடுக்க அந்தக் காலத்தில் ஒரு வழியும் இல்லாமல்தான், ஃபவுல் செய்து, அவருக்குச் சரியாக வராத ஃப்ரீ த்ரோவுக்குக் கோட்டில் நிறுத்துவதையே எதிரணிகள் தந்திரமாக வைத்திருந்தன. 2021 ஜனவரியில் ஹூஸ்டன் அணியின் கிறிஸ்டியன் வுட் நன்றாக ஆடிய ஒரு ஆட்டம் முடிந்து அவரோடு பேசியபோது, உன் ஆட்டத்தை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை, மன்னித்துக்கொள் என்றார் இவர். ஒப்புக்கொண்டதைப் பாராட்டலாம். ஆனால் அந்த வாக்கியமே உலகம் முழுக்க நகைச்சுவைப் படமாகச் சுற்றியது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் அதைச் சொன்னதற்கே வகுப்பு கைதட்டின மாதிரி.

இந்தச் சிரிப்புக்கு யாராவது விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஜாவேல் மெகீ என்று ஒரு சென்டர். ஏழடி. ஆஸ்துமா உள்ளவர் என்பதால் நீண்ட நேரம் ஆட முடியாது. வீரர்கள் தடுக்கி விழுவது, பந்தைத் தவறவிடுவது போன்ற காட்சிகளைத் தொகுத்து ஓ'நீல் நடத்திய கிண்டல் பகுதியில் மெகீ வருடக்கணக்காக நாயகன். 2017 பிப்ரவரியில் மனிதர் பொறுமை இழந்தார், ட்விட்டரில் இருவருக்கும் சண்டை முற்றியது. மெகீயின் கூட்டாளி கெவின் டூரண்ட் அவருக்காகப் பரிந்து பேசினார். கடைசியில், விட்டுவிடு என்று அம்மா சொல்லிவிட்டார், இனி அவரைப் பற்றிப் பேசமாட்டேன் என்று ஓ'நீல் அறிவித்தார். ஏழடி ஓ'நீலை அடக்க ஒரு அம்மா வேண்டியிருந்தது. அந்த மெகீ மூன்று முறை என்.பி.ஏ. சாம்பியன் அணியில் இருந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அவருடைய அம்மா பமேலா 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் மெகீ என்று சொல்லிப் பாருங்கள். "அந்த லூசுதானே சார்?" என்பார்கள். ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். துணுக்குகள் மட்டும் அவர்கள் போனுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நிக்கோலா யோகிச் கதை இன்னும் அழகு. 2014 ஜூனில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 41-வது ஆளாக டென்வர் அணி இந்த செர்பியப் பையனை எடுத்தபோது திரையில் டாக்கோ பெல் கடையின் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. பெயர் கீழே ஓரமாக ஓடி மறைந்தது. அந்தப் பையனும் செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம். அந்த இடத்தில் வரும் ஆளை யாரும் கண்டுகொள்வதில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது வருடம் கழித்தும் அதே கதை என்றால்தான் இடிக்கிறது. அதற்குள் ரெண்டு முறை லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கியாயிற்று. 2023 மேற்குப் பகுதி இறுதிச் சுற்றில் லேக்கர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 34 பாயிண்ட், 21 ரீபவுண்ட், 14 அசிஸ்ட். டென்வர் ஜெயித்தது. மறுநாள் தொலைக்காட்சிகள் பேசியது என்ன? தோற்ற லேக்கர்ஸ் கடைசிக் கால் பகுதியில் ஏதோ உபாயம் கண்டுபிடித்துவிட்டது என்று. டென்வர் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் அடுத்த ஆட்டமும் ஜெயித்த கையோடு இதைப் பத்திரிகையாளர்களிடம் கேட்டே விட்டார். நாலுக்குப் பூஜ்யம் என்று டென்வர் தொடரை முடித்த அன்றும் பேச்சு முழுக்க, லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் ஓய்வு பெறுவாரா என்பதுதான். மாப்பிள்ளையை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு, வாசலில் கோபித்துக்கொண்டு நிற்கும் பெரியப்பாவைச் சுற்றிக் கூட்டம்.

ஏன் இப்படி? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காசுக் கணக்கு தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலையில் என்.பி.ஏ. டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூவரோடும் 11 வருட ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. மொத்தம் ஏறத்தாழ 7,600 கோடி டாலர். இவ்வளவு கொட்டியவர்கள் ஆட்டம் நடக்காத நேரத்தையும் விற்றாக வேண்டும். ஒரு ஆட்டத்தில் பந்து உயிரோடு இருப்பது 48 நிமிடம். மீதி இருபத்துச் சொச்சம் மணி நேரத்துக்கு எதைப் போடுவது? நாலு பேரை உட்காரவைத்து, ஜோர்டன் பெரியவரா லெப்ரான் பெரியவரா என்று சண்டை மூட்டினால் செலவு குறைவு. சண்டையை முப்பது வினாடித் துண்டுகளாக நறுக்கி ஊர் ஊராக அனுப்பலாம்.

டிஸ்னியின் இ.எஸ்.பி.என். நிறுவனம் 2023 கோடையில் ஜெஃப் வான் கண்டியை ஆட்குறைப்பில் அனுப்பியது. பழைய பயிற்சியாளர். நேரலையிலேயே விதிகளோடு சண்டை போடுவார், சிரிக்கவும் வைப்பார், ஆனால் அடுத்த பந்து எங்கே போகும் என்றும் சொல்லிவிடுவார். 2024 செப்டம்பரில் ஸாக் லோ போனார். என்.பி.ஏ. பற்றி எழுதுகிறவர்களில் ஒரு அணியின் தடுப்பாட்டத்தை ஆணி வேர் வரை பிரித்துக் காட்டக்கூடிய ஆள். அடுத்த ஆறு மாதத்தில், விவாத நிகழ்ச்சிகளின் ராஜாவான ஸ்டீபன் ஏ. ஸ்மித்துக்கு அதே நிறுவனம் ஐந்து வருடத்துக்குக் குறைந்தது 10 கோடி டாலர் கொடுக்கிறது என்று செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்த அதே மார்ச் மாதம், தன் மகனைப் பற்றி ஸ்மித் பேசியதற்காக லெப்ரான் ஆட்டத்துக்கு நடுவே மைதான ஓரத்தில் அவரிடம் நேருக்கு நேர் போய் நின்றார். அதையே பல நாள் செய்தியாக ஓட்டினார்கள். அன்று யார் ஜெயித்தது என்று எனக்கே நினைவில்லை.

ஜே.ஜே. ரெடிக் என்று ஒருவர். பதினைந்து பருவம் ஆடியவர், பிறகு அதே இ.எஸ்.பி.என்.னில் பேச்சாளர், இப்போது லேக்கர்ஸின் தலைமைப் பயிற்சியாளர். 2024 டிசம்பரில் அவர் புலம்பியதன் சாரம் இது: தொலைக்காட்சியைத் திருப்பினாலே ஆட்டம் கெட்டுப்போய்விட்டது, எல்லாரும் த்ரீ பாயிண்ட்தான் போடுகிறார்கள் என்று ஒளிபரப்புகிறவர்களே சொன்னால் புதிதாக வருகிறவன் ஏன் பார்ப்பான்? நியாயமான கேள்வி. பெரியகுளம் சந்தையில் மாம்பழம் விற்கிறவர் யாராவது, சொத்தை, சொத்தை என்று கூவி நான் கேட்டதில்லை.

இந்த ரெடிக், பயிற்சியாளராக ஆவதற்குச் சில மாதம் முன்பு லெப்ரானோடு சேர்ந்து ஒரு ஒலியோடை நடத்தினார். ரெண்டு பேரும் மது கிளாஸை வைத்துக்கொண்டு, இந்த ஸ்கிரீனுக்கு எதிராக எந்தக் கால் முன்னால், அந்த ஆள் ஏன் அரை அடி தள்ளி நின்றான் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். அதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். சாதாரண ரசிகனுக்கு இதெல்லாம் புரியாது, போரடிக்கும் என்று சொல்கிறவர்கள் அந்த எண்ணிக்கையைப் போய்ப் பார்க்கலாம்.

விளக்கம் போரடிக்கும் என்ற குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருப்பதை நான் சொந்தச் செலவில் கற்றிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு உள்ளூர்ப் போட்டியில் வர்ணனை செய்யும் ஆள் வரவில்லை. மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என் கையில்தான் ஸ்கோர் ஷீட் இருக்கிறதே! வாசிக்க ஆரம்பித்தேன். "11-ம் நம்பர், இதுவரை விழுந்தது நாலு. முதல் பாதியில் ஃபவுல் ரெண்டு…" ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காலரியில் இருந்து ஒரு குரல்: "சார், ரேஷன் கார்டு நம்பரும் சொல்லிருங்க!" மைதானமே சிரித்தது. நான் மைக்கை வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டேன்.

அதனால் 2015 பிப்ரவரியில், புள்ளிவிவரக்காரர்கள் மேல் பார்க்லி தொலைக்காட்சியில் பொரிந்து தள்ளினாரே, அதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். அவர் குறிவைத்தது ஹூஸ்டனின் பொது மேலாளர் டேரில் மோரியை. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்தோ ரிங்குக்கு அடியில் இருந்தோ மட்டும் போடு, நடுவில் போடுவது வீண் என்ற கணக்கைத் தீவிரமாகப் பின்பற்றியவர் மோரி. கணக்கு சரிதான். ஆனால் 2018 மேற்கு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் அதே ஹூஸ்டன் தொடர்ந்து 27 த்ரீ பாயிண்டரைத் தவறவிட்டது. மொத்தம் 44 போட்டு 7 விழுந்தது. ஸ்கோர் ஷீட்டில் வட்டமே போடாமல் பேனா காய்ந்திருக்கும். இந்த 27 என்ற எண்ணைத் திரையில் போட்டுவிட்டால் அது விளக்கமாகிவிடாது. வீரர்களின் கால்கள் எப்படிக் களைத்திருந்தன, காயம்பட்ட கிறிஸ் பால் வெளியே உட்கார்ந்திருந்ததால் யார் கைக்குப் பந்து போக வேண்டியதாயிற்று என்று யாராவது சொன்னால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

சரி, எப்படித்தான் சொல்வது? என் கண்ணில் இதற்கு ஒரே வாத்தியார்தான். ஹூபி பிரவுன். 1933-ல் பிறந்தவர், உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளராகத் தொடங்கியவர். 1978-ல் அட்லாண்டாவில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது, பிறகு 26 வருடம் கழித்து, எழுபது வயதில், மெம்ஃபிஸில் மறுபடி அதே விருது. இடையிலும் பிறகும் தொலைக்காட்சி, வானொலி வர்ணனை. 2025 பிப்ரவரியில் மில்வாக்கியில் தன் கடைசி ஆட்டத்தைச் சொன்னபோது வயது 91. அவருடைய பழக்கம், எதையும் 'நீங்கள்' என்று ஆரம்பிப்பது. நீங்கள் ரெண்டு பாயிண்ட் பின்தங்கியிருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு டைம்-அவுட்தான் மிச்சம், உங்கள் நல்ல ஷூட்டருக்கு ஐந்து ஃபவுல், இப்போது என்ன செய்வீர்கள்? இப்படிக் கேட்டால் நாற்காலியில் சாய்ந்திருந்தவனும் நிமிர்ந்து உட்காருவான். வேறு நாலு பேர் சிரிப்பதை எட்டிப் பார்க்கும் ஆளாக இருந்தவன், ஒரு சொல்லில் பயிற்சியாளர் பெஞ்சுக்கு வந்துவிடுகிறான்.

அந்த முறையில், 2023-ல் தொலைக்காட்சிகள் பேசாமல் விட்டதை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நீங்கள் லேக்கர்ஸ் ஆள். டென்வரின் ஜமால் முர்ரேயைப் பிடிப்பது உங்கள் வேலை. யோகிச் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மேலே பந்தை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நிற்கிறார். முர்ரே அவரை நோக்கி ஓடுகிறார், கையில் இருந்து பந்தை வாங்கிக்கொள்ளப் போகிறவர் போல. நீங்களும் ஓடுகிறீர்கள். யோகிச்சின் உடம்பு உங்களுக்கும் முர்ரேக்கும் நடுவே சுவராக வருகிறது. சுவரைச் சுற்றி அந்தப் பக்கமாகப் போகலாம், ஆனால் அந்த ஒரு நொடியில் முர்ரே நின்று த்ரீ பாயிண்ட் போட்டுவிடுவார். சரி, அடுத்த முறை முதுகோடு ஒட்டிக்கொண்டே துரத்துகிறீர்கள். முர்ரே பந்தை வாங்கவே இல்லை. சட்டென்று ரிங் பக்கம் திரும்பி ஓடுகிறார், யோகிச் அவரைப் பார்க்காமலே பந்தைத் தரையில் தட்டிக் கொடுக்கிறார், லே-அப். சரி, யோகிச்சைப் பிடிக்கிறவரை உதவிக்குக் கூப்பிடுகிறீர்கள். இப்போது முர்ரே மேல் ரெண்டு பேர், யோகிச் மேல் யாரும் இல்லை. பந்து அவர் கைக்குத் திரும்பி வருகிறது. ரெண்டு எட்டு வைத்து ஒற்றைக் கையால் மிதக்கவிடுகிறார். அதைத் தடுக்க மூலையில் நின்ற உங்கள் கூட்டாளி ஓடி வருகிறாரா? பாவம், மூலை காலி. பந்து அங்கே போயாயிற்று.

ஒரு எண்கூட இதில் இல்லை. ஸ்லோ மோஷனில் இந்த நாலு வாசலையும் ஒவ்வொன்றாகக் காட்ட முப்பது வினாடி போதும். ஓடத் தெரியாத, எம்பிக் குதிக்காத ஒரு கனத்த மனிதர் எப்படி மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர் ஆனார் என்பது அதன் பிறகு யாருக்கும் மர்மமாக இருக்காது. ஆனால் இன்னும் வியப்பாக இருக்கும். விளக்கினால் மாயம் கலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் காட்டுவது 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம்.

இந்திய நேரப்படி ஜூன் 19 காலை. ஆட்டம் உச்சத்துக்குப் போன நேரம் நான் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேன். யாரிடமும் முடிவைக் கேட்காமல் பகலைக் கடத்தி, சாயங்காலம் மறு ஒளிபரப்பில் பார்த்தேன். கடைசி அரை நிமிடம். மயாமியைவிட சான் அன்டோனியோ ஐந்து பாயிண்ட் முன்னால். கோப்பை வழங்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது மயாமியில் ஆடிய லெப்ரான் ஒரு த்ரீ பாயிண்ட் போட்டார். சான் அன்டோனியோவின் காவாய் லெனார்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். வித்தியாசம் மூன்று. லெப்ரான் மறுபடி போட்டார், விழவில்லை. கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்து வலது மூலையில் இருந்த ரே ஆலனுக்குக் கொடுத்தார். 5.2 வினாடி மிச்சம் இருக்கும்போது பந்து உள்ளே. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் மயாமி 103-100 என்று ஜெயித்தது. ரெண்டு நாள் கழித்துக் கோப்பையும் அவர்களுக்கே.

அற்புதம் என்று கத்திவிட்டுப் போகலாம். கத்தினார்கள், நானும் கத்தினேன். ஆனால் அந்தக் காட்சிக்குள் ரெண்டு கதை ஒளிந்திருக்கிறது. ஒன்று, சான் அன்டோனியோவின் மிகப் பெரிய ரீபவுண்டர் டிம் டங்கன் அப்போது பெஞ்சில். பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்தான் உட்காரவைத்தார். மயாமி த்ரீ பாயிண்ட்தான் போட்டாக வேண்டும், கோட்டுக்கு வெளியே ஆளுக்கு ஆள் மாறி ஓடிப் பிடிக்க வேகமான கால்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. பந்து விழாமல் தெறித்து வரும் என்ற பாதியை அந்தக் கணக்கு விட்டுவிட்டது. அதைத்தான் பாஷ் எடுத்தார். நான் அந்த இடத்தில் இருந்தால் டங்கனை வைத்திருப்பேன் என்று ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார் சொல்வது சுலபம். அந்த நிமிடத்தில் அது அவ்வளவு முட்டாள்தனமான முடிவு இல்லை, அதனால்தான் பேசத் தகுந்தது.

இன்னொன்று ஆலனின் கால். பாஷ் பந்தை எடுக்கும்போது ஆலன் ரிங் பக்கத்தில் இருந்தார். முகத்தை ரிங் பக்கமே வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், கீழே குனிந்து கோட்டைப் பார்க்கவில்லை. பந்து கைக்கு வந்தபோது ரெண்டு காலும் கோட்டுக்கு வெளியே, மைதான எல்லைக்கு உள்ளே. மூலையில் அந்த இடைவெளி மூன்றடிதான். 37 வயது. இளம் வயதில் மில்வாக்கியில் ஆடிய காலம் முதல் அவர் தனியாக ஒரு பயிற்சி செய்துவந்தார்: தரையில் மல்லாந்து படுப்பது, துள்ளி எழுவது, பின்னாலேயே மூலைக்கு ஓடி, கீழே பார்க்காமல் பந்தை வாங்கிப் போடுவது. இப்படி ஒரு சந்தர்ப்பம் ஆட்டத்தில் எப்போது வரும் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். வந்தது. இது தெரிந்த பிறகு அந்த வீச்சை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். இப்போதெல்லாம் பந்தைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கால்களைத்தான் பார்க்கிறேன்.

காலைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹூபி பிரவுன் இல்லை. பெரியகுளத்தில் மே மாதம் மின்னொளியில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு ஊரில் ஒரு சின்னப் போட்டி, தொண்ணூறுகளில். மைக்கில் ஒரு தமிழாசிரியர். இப்போதைய மைக்காரர்கள் மாதிரி சினிமா வசனமோ, நகைக்கடை உபயதாரர் பட்டியலோ அவரிடம் கிடையாது. கோர்ட்டில் பந்து எடுத்து ஆடியவரும் இல்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இது ஏன், அது ஏன் என்று காதோடு கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டதை மைக்கில் தன் பாஷையில் சொல்வார்.

அன்று 9-ம் எண் பையன் ஒருவன் எல்லாரையும் கடந்து கடந்து போய்க்கொண்டிருந்தான். யாராலும் பிடிக்க முடியவில்லை. "எப்படிய்யா போறான்?" என்று கேட்டார். இடது கால் முன்னால் வந்தால் வலது பக்கம் போவான் ஐயா, வலது கால் வந்தால் நின்று போடுவான் என்றேன். கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் பந்தைப் பார்க்காதீங்க. 9-ம் நம்பர் தம்பி காலைப் பாருங்க. இடது கால் வந்தா ஓடுவான். வலது கால் வந்தா நிப்பான். பாருங்க… பாருங்க…"

காலரி அமைதியானது. பையனிடம் பந்து வந்தது. ரெண்டு தட்டுத் தட்டினான். காலரியின் கீழ்ப்படியில் கூடையோடு வேர்க்கடலை விற்கும் அம்மா ஒருவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கோர்ட் பக்கம் திரும்பினார்.

"வலது! வலது காலுடா! நிக்கப்போறான், கையத் தூக்கு!"

பையன் நின்றான். எதிரணிப் பையன் கையைத் தூக்கினான். பந்து விரலில் பட்டு ரிங்கின் ஓரத்தில் மோதி வெளியே தெறித்தது. மைதானம் எழுந்து கத்தியது. அந்த அம்மா கூடையை அப்படியே படியில் வைத்துவிட்டு, பந்து வரும் பக்கம் ரெண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டார். ரெண்டு பொட்டலம் கேட்டு ஐந்து ரூபாய்த் தாளை நீட்டியவர், நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் கோர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.